விரல் நரம்பைத் தைத்த பிறகு உணர்வு எவ்வளவு திரும்பியிருக்கிறது? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

விரல் நரம்பு அறுந்து, ஆபரேஷனில் தைத்துக்கொண்டு வந்தவரிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உணர்ச்சி வந்துடுச்சா?" அவரும் விரலை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வந்த மாதிரி இருக்கு" என்பார். அடுத்த மாதமும் அதே பதில்தான் வரும். அந்த ஒரு மாதத்தில் நரம்பு 30 மி.மீ. வளர்ந்திருக்கலாம், ஒரே இடத்தில் நின்றும் போயிருக்கலாம். வாய்ப் பதிலை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். சில நைலான் இழைகள், ஒரு ஜெம் கிளிப், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, முக்கியமாகப் பொறுமை, இவை போதும். சில சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். சிலவற்றை கை தெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும். எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன். தைத்த நரம்போடு வீட்டில் இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி மாணவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விளக்கத்துக்குக் கடைசி வரை ஒரே காயத்தை வைத்துக்கொள்வோம். வலது கை ஆள்காட்டி விரல், உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரலைப் பார்த்த ஓரம். நடு மூட்டு மடிப்பில் கண்ணாடி கிழித்து அந்த ஓரத்து நரம்பு முழுதாக அறுந்துவிட்டது. மைக்ரோஸ்கோப் வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்திருக்கிறார்கள். இந்த ஓரத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டைவிரல் வந்து முட்டுவது இங்கேதான். ஊசியில் நூல் கோப்பது, பட்டன் போடுவது, சாவி திருப்புவது, கோலமாவை இழை பிரியாமல் விடுவது எல்லாம் இந்த ஓரத்தின் உணர்வை நம்பி நடக்கிற வேலைகள்.

விரலில் எந்த இடம் எந்த நரம்புக்கு

ஒவ்வொரு விரலின் உள்ளங்கைப் பக்கமும் இரண்டு நரம்புகள் ஓடுகின்றன, ஓரத்துக்கு ஒன்றாக. விரலை நீளவாக்கில் நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கும். நம் உதாரணத்தில் ஒரு நரம்புதான் அறுந்தது. நடுவிரலைப் பார்த்த பாதி முதல் நாளிலிருந்தே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். விரல் நுனியின் நடுவில் தொட்டுவிட்டு "தெரியுதே, நரம்பு வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுவது இதனால்தான் தவறான முடிவாகிறது. தெரிந்தது பக்கத்து நரம்பின் உதவியால். எனவே எந்தச் சோதனையானாலும் கட்டைவிரலைப் பார்த்த ஓரத்தில், நடுக்கோட்டிலிருந்து விலகித்தான் செய்ய வேண்டும்.

விரலின் முதுகுப் பக்கத்தைச் சோதிக்க வேண்டாம். அங்கே வேறு கிளைகளும் வந்து சேர்கின்றன, அதனால் பதில் குழம்பிவிடும்.

நாள் கணக்கு

நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் நுனி வரை உள்ள இழைகள் அழிந்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் இதை விளக்கினார். தையல் போடுவதால் உணர்வு உடனே வந்துவிடாது. இழைகள் அழிந்து காலியாகிவிட்ட உறைக் குழாய்களின் வாயைச் சேர்த்துவைக்கத்தான் தையல். மேலிருந்து புது இழைகள் முளைத்து அந்தக் குழாய்கள் வழியே நுனிக்கு வந்து சேர வேண்டும். முதல் மூன்று நான்கு வாரம் வெளியே தெரியும்படி எதுவும் நடக்காது. அதன்பிறகு பொதுவாக நாளுக்கு 1 மி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

நடு மூட்டு மடிப்பிலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய 45 மி.மீ. இருக்கும். உங்கள் விரலை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 30 நாள் காத்திருப்பு, 45 நாள் பயணம். ஆக இரண்டரை மாதத்தில் முதல் இழைகள் நுனியை எட்டலாம். விரலின் அடியில் அறுந்திருந்தால் மூன்று மாதத்துக்கு மேல். மணிக்கட்டில் அறுந்திருந்தால் ஆறு மாதத்தைத் தாண்டும்.

இது வந்து சேரும் நாள் மட்டுமே. வந்த இழை தடித்து, தோலில் உள்ள தொடு உணர்விகளோடு சேர்ந்து, அனுப்பும் செய்தியை மூளை புரிந்துகொள்ள இன்னும் பல மாதம் ஆகும். இரண்டு வருடம் வரைகூட முன்னேற்றம் தெரியும். மூன்றாவது மாதத்திலேயே "ஒண்ணும் சரியா தெரியல, ஆபரேஷன் ஃபெயில்" என்று மனம் உடைபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

வயது, காயத்தின் தன்மை, தைக்க ஆன தாமதம் எல்லாம் இந்தக் கணக்கை மாற்றும். சின்னக் குழந்தைகளுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு உணர்வு திரும்பும். கண்ணாடி, கத்தி வெட்டு நேரானது. மெஷினில் நசுங்கியது அப்படியில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் மெதுவாக வரும்.

படி 1: சோதனைக்கு முன் ஏற்பாடு

ஸ்பிளிண்ட் (விரலை அசையாமல் பிடித்துவைக்கும் கட்டு) இருக்கும் முதல் வாரங்களில் விரலைத் தட்டுவது, நிமிர்த்துவது, அழுத்துவது எதுவும் கூடாது. தசைநாணும் சேர்த்துத் தைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்ஜன் சரி சொன்ன பிறகே தொடங்குங்கள். ஸ்பிளிண்ட்டைக் கழற்றும் நாளில் எடுக்கும் அளவுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. அன்றைக்கு எல்லாமே பூஜ்யமாக இருக்கலாம். அந்தப் பூஜ்யத்தையும் எழுதிவையுங்கள். அதன்பின் முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தினமும் சோதிப்பதில் பயனில்லை. ஒரு நாளில் 1 மி.மீ. வளர்வதை எந்தச் சோதனையும் காட்டாது, மனம்தான் சோர்ந்துபோகும்.

அமைதியான இடம் வேண்டும். டிவி அணைந்திருக்கட்டும். கை குளிர்ந்திருந்தால் உணர்வு குறைவாகக் காட்டும். ஏசி அறையிலிருந்து வந்தவரின் கையைக் கொஞ்ச நேரம் சூடாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கையின் பின்பக்கம் ஒரு துண்டில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். விரல் தொங்கிக்கொண்டிருந்தால் தொட்டதும் மூட்டு அசையும், அசைவு தெரிந்து "தொட்டீங்க" என்று சொல்லிவிடுவார். அது தோலின் உணர்வு ஆகாது. கண்ணை மூடச் சொல்லுங்கள். இல்லை, நடுவில் ஒரு அட்டையை மறைப்பாக வையுங்கள். கண்ணை மூடினால் சிலர் பதற்றப்படுவார்கள், அவர்களுக்கு அட்டை நல்லது.

முக்கியமான ஒன்று: ஒவ்வொரு சோதனையையும் முதலில் அடிபடாத இடது ஆள்காட்டி விரலில் செய்யுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்குப் புரியும். அவருடைய சொந்த இயல்பு அளவு நமக்குக் கிடைக்கும். அறுபது வயதுக்காரருக்கு, காய்த்துப்போன கைக்கு, பல வருடச் சர்க்கரை நோயாளிக்கு இயல்பு அளவே வேறாக இருக்கும். புத்தகத்து எண்ணைவிட அந்த இடது விரல்தான் அவருக்கு அளவுகோல். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் சோதிப்பதும் நல்லது.

படி 2: தொடுவதற்கு முன் பார்ப்பது

நரம்பு இல்லாத தோல் வியர்க்காது. வறண்டு, வழவழப்பாக, சில சமயம் பளபளப்பாகக்கூட இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பேனாவை விரலின் இரண்டு ஓரத்திலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். வியர்வை உள்ள பக்கம் லேசாகப் பிடிக்கும், இல்லாத பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மாதாமாதம் இந்த வழுக்கல் எங்கே வரை பின்வாங்குகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

வெந்நீரில் ஊறவைத்தால் தோல் சுருங்குமே, நரம்பு அறுந்த இடம் அப்படிச் சுருங்காது. 1973-ல் ஓ'ரியன் என்ற மருத்துவர் எழுதிய சோதனை இது. பேசத் தெரியாத குழந்தைக்கு நரம்பு அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அருமையானது. ஆனால் தைத்த பிறகு சுருக்கம் திரும்புவதும் தொடு உணர்வு திரும்புவதும் ஒன்றாக நடப்பதில்லை. எனவே முன்னேற்றத்தை இதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. வீட்டில் செய்தால் தண்ணீரின் சூட்டை நல்ல கையால் பாருங்கள், அடிபட்ட விரலால் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் கொப்புளம், சின்ன வெட்டு, தீக்காயத் தழும்பு ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், காக்கும் உணர்வு, அதாவது சூடோ கூர்மையோ பட்டதும் தெரிந்து கையை இழுக்கவைக்கும் உணர்வு, இன்னும் வரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உணர்வில்லாத கை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்பதை நம் ஊரில் வைத்துத்தான் தெளிவாகக் காட்டினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், அந்த விரல்கள் தேய்ந்து குறைவதற்குக் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்பப் படும் காயங்கள்தான் என்று கண்டறிந்தார். தைத்த விரலுக்கும் அதே ஆபத்து உண்டு. தோசைக்கல் ஓரம், சூடான காபி உள்ள எவர்சில்வர் டம்ளர், ஆவி பறக்கும் சாதத்தைப் பிசைவது, மிக்ஸி பிளேடைக் கழுவுவது, இவற்றை அந்த விரலை நம்பிச் செய்யக்கூடாது. சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுங்கள், அல்லது ஸ்பூன் கொடுங்கள்.

படி 3: தட்டிப் பார்த்தல்

வளரும் நரம்பின் முனை அதிர்ச்சியைத் தாங்காது. அதன் மேல் மெல்லத் தட்டினால் அந்த நரம்பு போகும் பகுதியில் சுர்ரென்று கரண்ட் மாதிரி ஓடும். முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினலும் ஜெர்மானிய மருத்துவர் பால் ஹாஃப்மனும் 1915-ல் தனித்தனியாக இதை எழுதினார்கள். எதிரெதிர் நாடுகளில் இருந்த இரண்டு பேர் ஒரே வருடத்தில் ஒரே அடையாளத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

செய்முறை சுலபம். தையல் போட்டு நான்கு வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். பென்சிலின் ரப்பர் முனையாலோ உங்கள் விரல் நுனியாலோ, விரல் நுனியிலிருந்து தொடங்கித் தையல் இருக்கும் இடத்தை நோக்கி அந்த ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். "சுர்ருனு நுனிக்கு ஓடுது" என்று அவர் முதலில் சொல்லும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. தழும்பிலிருந்து அந்தப் புள்ளி வரை எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள். எப்போதும் நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தையல் பக்கமிருந்து தொடங்கினால் முதல் தட்டிலேயே சுர்ரென்று ஓடி, மீதியெல்லாம் குழம்பிவிடும்.

புள்ளி மாதாமாதம் நுனியை நோக்கி நகர்ந்தால் நல்ல செய்தி. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: சில இழைகள் வந்தாலே இந்தச் சுர் வந்துவிடும். எவ்வளவு இழைகள் வந்தன, அவை உபயோகமாகுமா என்பதை இது சொல்லாது. திசையை மட்டும்தான் சொல்லும்.

இந்தக் காலத்தில் விரல் கூசும். எறும்பு ஊர்கிற மாதிரி, மதமதவென்று, துணி பட்டாலே எரிகிற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், வளர்ச்சியோடு சேர்ந்து வருவதுதான். நோயாளி சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வார்த்தை மாறினால் அதுவும் ஒரு அளவுதான்.

படி 4: நைலான் இழைகள்

எல்லாச் சோதனைகளிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். குறிப்பிட்ட தடிமனுள்ள நைலான் இழையைத் தோலில் நேராக அழுத்தினால், ஒரு அளவுக்கு மேல் இழை வளைந்துவிடும். வளைந்த பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் தோலுக்குப் போகும் விசை ஏறக்குறைய மாறாது. சோதிப்பவரின் கை நடுக்கமும் அவசரமும் கணக்கில் சேராமல் போகின்றன. ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் இருவரும் 1960-ல் வெளியிட்ட முறை என்பதால் அவர்கள் பெயரிலேயே செம்ஸ்-வைன்ஸ்டைன் இழைகள் என்கிறோம்.

கைக்கான பெட்டியில் ஐந்து இழைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் நிறமும் உண்டு. 2.83 பச்சை, சுமார் 0.07 கிராம்: இது தெரிந்தால் இயல்பு. 3.61 நீலம், 0.2 கிராம்: மெல்லிய தொடுதல் குறைந்திருக்கிறது, ஆனாலும் கை நன்றாகவே வேலை செய்யும். 4.31 ஊதா, 2 கிராம்: காக்கும் உணர்வு குறைவு, பொருள் நழுவும். 4.56 சிவப்பு, 4 கிராம்: இதற்குத்தான் பதில் வருகிறது என்றால் காக்கும் உணர்வு இல்லை. 6.65 ஆரஞ்சு கலந்த சிவப்பு, 300 கிராம்: ஆழமான அழுத்தம் மட்டும் தெரிகிறது.

இழையைத் தோலுக்குச் செங்குத்தாக வையுங்கள். ஒன்றரை விநாடியில் மெல்ல இறக்கி, வளைந்த நிலையில் ஒன்றரை விநாடி நிறுத்தி, ஒன்றரை விநாடியில் எடுங்கள். சட்டென்று குத்தினால் விசை கூடிவிடும். தோலில் இழையை இழுக்கவும் கூடாது. "தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்கம்மா, தெரியலேன்னா பேசாம இருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை தொட்டதும் "இப்போ தெரியுதா?" என்று கேட்டால் நாமே விடையைச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மெல்லிய 2.83-இல் தொடங்குங்கள். மெல்லிய இரண்டு இழைகளுக்கும் ஒரே இடத்தில் மூன்று முறை வாய்ப்புக் கொடுங்கள், ஒரு முறை சரியாகச் சொன்னாலும் போதும். தடித்த இழைகளுக்கு ஒரு முறைதான். இடைவெளியை மாற்றி மாற்றி வையுங்கள். சில முறை தொடாமலேயே காத்திருங்கள், ஊகத்தில் "ஆமா" சொல்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

நம் உதாரணத்தில் நடு எலும்புப் பகுதியின் ஓரம், நுனி மூட்டு மடிப்புக்கு மேல், நுனிச் சதை என மூன்று இடம் போதும். தாளில் விரலின் வெளிக்கோட்டை வரைந்து அந்தந்த இடத்துக்கு அந்த இழையின் நிறத்தைத் தீட்டுங்கள். ஒன்றுமே தெரியாத இடத்துக்குச் சிவப்புக் கோடுகள். மூன்று மாதத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகி, நிறம் மடிப்பிலிருந்து நுனிக்கு ஏறிப்போவது கண்ணுக்கே தெரியும். நோயாளிக்கு இதைக் காட்டுங்கள். நாம் பேசும் ஆறுதலைவிட அந்தத் தாள் அவருக்கு அதிக நம்பிக்கை கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்க கிளினிக்குகளில் ஒரே ஒரு 10 கிராம் இழை வைத்திருப்பார்கள். கையில் கிடைத்தது என்று அதை வைத்து விரலைச் சோதிக்க வேண்டாம். விரலுக்கு அது மிகத் தடிமன். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் விழும். அது தெரிந்தாலும் "எல்லாம் நார்மல்" என்று அர்த்தமில்லை.

இழை இல்லாத வீட்டில்: பத்துக்கு எத்தனை?

1997-ல் ஸ்ட்ராக் என்ற மருத்துவரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட முறை, பெயரே பத்துச் சோதனை. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரலிலும் ஒரே ஓரத்தை, ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் உங்கள் விரல்களால் மெல்லத் தடவுங்கள். "நல்ல விரல்ல தெரியறது பத்துன்னா, இதுல எத்தனை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை எழுதுங்கள். அவ்வளவுதான். கருவி வேண்டாம், செலவில்லை, கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளும் சொல்லிவிடுவார்கள். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டில் செய்யக்கூடாதவையும் உண்டு. ஊசியால் குத்திப் பார்ப்பது, சூடான கரண்டியை வைத்துப் பார்ப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். கூர்மை, சூடு, குளிர்ச்சி எல்லாம் ஆஸ்பத்திரியில் பாதுகாப்பான கருவிகளோடு பார்க்க வேண்டியவை.

எது முதலில் வரும்

உணர்வுகள் ஒரு வரிசையில் திரும்புகின்றன. முதலில் வலியும் சூடும் குளிரும். பிறகு 30 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் (தட்டினால் அதிரும் கவட்டை வடிவ உலோகக் கருவி) மெதுவான அதிர்வு, அடுத்து நகரும் தொடுதல், அடுத்து நிலையான தொடுதல், கடைசியாக 256 ஹெர்ட்ஸ் அதிர்வு. இந்த வரிசையை லீ டெலன் என்ற அமெரிக்கக் கை அறுவை மருத்துவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தடவினால் தெரிகிறது, விரலை வைத்து அழுத்தினால் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் உளறவில்லை, வரிசையின் நடுவில் இருக்கிறார். இசைக்கவையை ஒரு துணைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வு எலும்பு வழியாகப் பக்கத்து நல்ல பாதிக்கும் பரவிவிடும்.

படி 5: ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா

இழை சொல்வது "தொட்டது தெரிகிறதா" என்பதை. எடுத்த பொருள் பட்டனா காசா என்று பிரித்தறியும் திறமை அதற்கு மேலே உள்ள படி. அதை அளக்கத்தான் இரண்டு புள்ளிச் சோதனை. ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் வேபர் 1834-லேயே காம்பஸின் இரண்டு முனைகளை வைத்துத் தோலின் கூர்மையை ஆராய்ந்தார். இன்று டிஸ்க்-கிரிமினேட்டர் என்ற வட்டத் தகடு வைத்திருக்கிறார்கள். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி வளைத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை ஸ்கேலில் வைத்தும் செய்யலாம். முனை பிசிறில்லாமல் மொழுமொழு என்று இருக்க வேண்டும். ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் கூடாது. அதன் முனை குத்தும், வலி வேறு நரம்பிழைகளின் வேலை.

அவசரப்பட்டு இதைச் செய்ய வேண்டாம். நுனியில் மெல்லிய தொடுதல் திரும்பும் முன் செய்தால் தோல்விதான் கிடைக்கும், நோயாளி நொந்துபோவார். நுனிச் சதை ஊதாவிலிருந்து நீலத்துக்குப் போகத் தொடங்கும்போது ஆரம்பிக்கலாம்.

இரண்டு முனைகளையும் விரலின் நீளவாக்கில், அறுந்த ஓரத்துக்குள்ளேயே வையுங்கள். குறுக்காக வைத்தால் ஒரு முனை நல்ல நரம்பின் பாதியில் விழுந்து, பொய்யாக நல்ல எண் கிடைக்கும். தோல் வெளுக்கத் தொடங்கும் அளவுக்கு மேல் அழுத்தக்கூடாது. இந்தச் சோதனையில் எண்கள் ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பெரிய காரணம் இந்த அழுத்தம்தான். 5 மி.மீ.-இல் தொடங்கி, ஒரு முனையையும் இரண்டு முனைகளையும் வரிசை இல்லாமல் மாற்றி மாற்றி வையுங்கள். பத்தில் ஏழு சரியாக வந்தால் அந்தத் தூரம் தேறியது. வராவிட்டால் தூரத்தைக் கூட்டுங்கள், 15 மி.மீ. தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

விரல் நுனியில் 6 மி.மீ.-க்குள் என்றால் இயல்பு. 6 முதல் 10 வரை சுமார். 11 முதல் 15 வரை குறைவு. எவ்வளவு அகட்டினாலும் ஒரு புள்ளியாகவே தெரிந்தால் காக்கும் உணர்வு மட்டும். டெலன் 1978-ல் இதே சோதனையை முனைகளை நகர்த்திச் செய்யும்படி மாற்றினார். நிலையான சோதனைக்கு முன்பே இதில் தேறிவிடுவார்கள். 8 மி.மீ.-இல் தொடங்கி, விரலின் நீளத்தோடு நுனியை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். நல்ல விரலில் 2, 3 மி.மீ. வரை பிரித்துச் சொல்வார்கள். நகரும் சோதனை 6, நிலையான சோதனை 12 என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான்.

படி 6: எங்கே தொட்டேன்?

தைத்த நரம்பின் இழைகள் எல்லாம் பழைய குழாய்க்குள்ளேயே போய்ச் சேர்வதில்லை. நுனிக்குப் போக வேண்டியது நடுவிலேயே முடிந்துவிடும். அதனால் நீங்கள் நுனியைத் தொட்டால் அவருக்கு மடிப்புக்குப் பக்கத்தில் தொட்ட மாதிரி தெரியலாம். அவருக்குத் தெரியும் மெல்லிய இழையால் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு, கண்ணைத் திறந்து அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொட்ட இடத்திலிருந்து காட்டிய இடத்துக்குப் படத்தில் ஒரு அம்புக்குறி போடுங்கள். நாளடைவில் அம்புகள் குட்டையாக வேண்டும். கண்ணால் பார்த்துத் தொட்டு, கண்ணை மூடித் தொட்டு, மறுபடி பார்த்துச் சரிபார்க்கும் பயிற்சியால் இது மேம்படும். பயிற்சி பலன் தருகிறதா என்று பார்க்கவும் இந்த அம்புகள்தான் உதவும்.

படி 7: அந்த விரலை உபயோகிக்கிறாரா?

ஸ்வீடனின் எரிக் மோபெரி 1958-ல் முன்வைத்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. சாவி, காசு, நட்டு, திருகாணி, ஊக்கு, ஜெம் கிளிப் மாதிரி சின்னப் பொருட்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போடச் சொல்ல வேண்டும். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி. இரண்டு கைக்கும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைவிட முக்கியம், எந்த விரலால் எடுக்கிறார் என்பது. உணர்வு போதாத ஆள்காட்டி விரலை மூளை ஒதுக்கிவிடும். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து எடுக்கும், ஆள்காட்டி விரல் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நேரம் நன்றாகவே வரும், அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். போனில் வீடியோ எடுத்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து விரல் கீழே இறங்கிப் பொருளைத் தொடத் தொடங்கியிருந்தால், எண்கள் மாறாவிட்டாலும் முன்னேற்றம்தான்.

வீட்டு வேலைகளும் சோதனைதான். பூ கட்டுபவர் பூவை எந்த விரல்களுக்கு நடுவில் பிடிக்கிறார்? கோலம் போடுபவர் மாவை எந்த விரலால் விடுகிறார்? நோட்டு எண்ணும்போது, புடவை மடிப்பு வைக்கும்போது, சட்டைப் பட்டனைப் பார்க்காமல் போடும்போது அந்த விரல் சேர்கிறதா? அவரவர் பிழைப்புக்குத் தேவையான ஒரு வேலையை எடுத்து மாதாமாதம் அதையே பாருங்கள். தையல்காரருக்கு 8 மி.மீ. என்ற எண்ணைவிட, துணியின் மடிப்பு விரலுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

குளிர்ந்த தண்ணீர், பைக்கில் போகும்போது படும் காலைக் காற்று, ஏசி, இவற்றில் விரல் வலிக்கிறதா, விறைக்கிறதா என்றும் கேட்டு எழுதுங்கள். விரல் நரம்புக் காயத்துக்குப் பிறகு குளிர் தாங்காமல் போவது மிகச் சாதாரணம். ஆனாலும் யாரும் கேட்காவிட்டால் நோயாளிகள் தாங்களாகச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தரம்

டாக்டர்கள் பேசிக்கொள்ளும் எஸ்0, எஸ்3+ என்பவை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அளவுகோலிலிருந்து வந்தவை. எஸ்0, எதுவும் தெரியவில்லை. எஸ்1, ஆழமான வலி மட்டும். எஸ்2, மேல்தோல் வலியும் ஓரளவு தொடுதலும். எஸ்2+, அதே நிலை, ஆனால் தொட்டால் கூசி எரிகிறது. எஸ்3, எரிச்சல் இல்லாமல் வலியும் தொடுதலும். எஸ்3+, தொட்ட இடத்தைச் சரியாகச் சொல்கிறார், இரண்டு புள்ளி 7 முதல் 15 மி.மீ. எஸ்4, முழு உணர்வு, 2 முதல் 6 மி.மீ. பெரியவர்கள் எல்லாருக்கும் எஸ்4 கிடைப்பதில்லை. எஸ்3+ வந்த விரலோடு நிறையப் பேர் தங்கள் வேலையை நன்றாகச் செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் எஸ்3+ என்று இருப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

எப்போது சர்ஜனிடம் போக வேண்டும்

காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் வந்தால், அல்லது மடங்கிக்கொண்டிருந்த விரல் திடீரென்று மடங்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். காயத்துக்குப் பொருந்தாத கடும் வலியோடு கை முழுவதும் வீங்கி, நிறம் மாறி, விறைத்துக்கொண்டு போனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

உணர்வைப் பொறுத்தவரை மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். தட்டும்போது சுர் என்பது தையல் இடத்திலேயே நின்று, மாதாமாதம் நகராமல், அங்கே மட்டும் சுளீரென்று வலிப்பது முதலாவது. அங்கே நரம்பு முடிச்சு விழுந்திருக்கலாம். நாள் கணக்குப்படி நுனியை எட்டியிருக்க வேண்டிய காலம் தாண்டி இரண்டு மூன்று மாதம் ஆகியும் தடித்த இழைகூடத் தெரியாமல் இருப்பது இரண்டாவது. மூன்றாவது, ஏற்கெனவே வந்திருந்த உணர்வு மறுபடி குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்ஜன் மறுபடி திறந்து பார்க்க யோசிக்கலாம். முடிச்சை வெட்டி எடுத்து, இடைவெளியில் காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ எடுத்த தோல் நரம்பின் துண்டை வைத்துத் தைப்பதும், குழாய் வைத்து இணைப்பதும் அவர் முன் உள்ள வழிகள். செய்வதா, இன்னும் காத்திருப்பதா என்று முடிவெடுக்க ஒரு நாள் சோதனை அவருக்குப் போதாது. தேதி போட்ட நிறப் படங்கள், தட்டிப் பார்த்துக் குறித்த டினல் புள்ளியின் மி.மீ. கணக்கு, பத்துக்கு எத்தனை என்ற எண்கள், அந்த வீடியோ எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.